ஒரு தடுப்பூசி எத்தனை ஆண்டு நினைவில் நிற்கும்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவம் படிக்காதவர்களும் அவையில் இருப்பார்கள், அவர்களுக்கும் புரியும்படி பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதனால் எல்லோருக்கும் பழகிய ஒரு கேள்வியையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். புதன்கிழமை தடுப்பூசி நாளில் எந்தத் துணை சுகாதார நிலையத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தாய் கேட்பார்: "சிஸ்டர், இந்த ஊசி போட்டா இனிமே வரவே வராதா? இல்ல, திரும்பவும் போடணுமா?"

தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தட்டம்மை–ரூபெல்லா ஊசி இரண்டு தவணையோடு முடிந்துவிடுகிறது. கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி ஆகியவற்றுக்கான ஊசியோ 6, 10, 14 வாரங்களில் போட்ட பிறகும் ஒன்றரை வயதில் ஒருமுறை, ஐந்து வயதில் ஒருமுறை என்று தொடர்கிறது. பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மறுபடி போடுகிறோம். குழந்தை ஒன்றுதான், உடலும் ஒன்றுதான். ஒன்றை ஆயுள் முழுவதும் நினைவில் வைத்திருக்கும் உடல் இன்னொன்றை ஏன் சில ஆண்டுகளில் மறக்கிறது?

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே. நோயெதிர்ப்பு நினைவின் ஆயுளைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது தடுப்பூசியின் வடிவமைப்பு. ஊசி போட்ட முதல் மாதத்தில் இரத்தத்தில் எழும் எதிர்ப்பொருளின் அளவைப் பார்த்து அந்த ஆயுளைக் கணித்துவிட முடியாது. போட்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துத்தான் அறிய முடியும். நாம் எளிதில் அளப்பது முதல் மாதத்தை. நமக்கு வேண்டியதோ முப்பதாவது ஆண்டு.

65 ஆண்டு இடைவெளி

வட அட்லாண்டிக் கடலில், டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்ட ஃபாரோ தீவுகளில் 1846இல் தட்டம்மை பரவியது. அங்கே மொத்த மக்கள்தொகையே 8000க்கும் குறைவு. சில மாதங்களுக்குள் 6000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். நிலைமையைப் பார்த்துவர டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர்களில் ஒருவர் பீட்டர் லுட்விக் பானும். அவர் ஊர் ஊராகச் சென்று யாருக்கு எப்போது நோய் வந்தது என்று விசாரித்துக் குறித்தார்.

அந்தத் தீவுகளில் தட்டம்மை அதற்கு முன் வந்தது 1781இல். இடைப்பட்ட 65 ஆண்டுகளில் நோய் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. 1781இல் சிறு வயதில் தட்டம்மை கண்டு பிழைத்து, 1846இலும் உயிரோடிருந்த முதியவர்கள் 98 பேரை பானும் கணக்கில் எடுத்தார். அவர்களில் ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை நோய் வரவில்லை. 1781இல் நோய் தொடாமல் தப்பிய முதியவர்களோ இம்முறை இளையவர்களைப் போலவே படுத்தார்கள். ஆக, முதுமை அவர்களைக் காக்கவில்லை. காத்தது 65 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரே ஒரு சந்திப்பு. நடுவில் அதை நினைவூட்ட எதுவும் நடக்கவில்லை.

இதற்குத் துணையாக நம் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. 1918இன் பெரும் இன்ஃப்ளுயன்சா கொள்ளைநோய்க் காலத்தை வாழ்ந்து கடந்த, 91 முதல் 101 வயதுக்குட்பட்ட 32 பேரின் இரத்தத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பழைய வைரஸை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் அவர்களிடம் இருந்தன. அந்த எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி செல்களைச் சிலரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கவும் முடிந்தது.

நினைவு எங்கே தங்குகிறது?

கோவிட் ஊசி போட்ட சில நாளில் அக்குளில் நெறி கட்டியது பலருக்கு நினைவிருக்கும். அந்த நிணநீர்க் கணுவுக்குள்தான் வேலை நடக்கிறது. ஊசி இறங்கிய தசையிலிருந்து ஆன்டிஜென், அதாவது உடல் அடையாளம் காண வேண்டிய அந்நியப் பொருள், கணுவுக்கு வந்து சேர்கிறது. அதோடு பொருந்தும் ஏற்பி கொண்ட பி செல்கள் பெருகத் தொடங்குகின்றன. முளைமையம் என்று நாங்கள் அழைக்கும் சிறு திரள்கள் கணுவுக்குள் உருவாகின்றன.

முளைமையத்தை நாற்றங்கால் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பி செல்கள் அடர்த்தியாகப் பெருகுகின்றன. பெருகும்போது அவற்றின் ஏற்பி மரபணுவில் சிறு சிறு மாற்றங்கள் நேர்கின்றன. முன்னைவிட இறுக்கமாக ஆன்டிஜெனைப் பிடிக்கும் செல் தேர்வாகிறது. பிடி தளர்ந்த செல் மடிகிறது. இந்தத் தேர்வை நடத்துபவை உதவி டி செல்கள். அவற்றின் சம்மதம் கிடைத்த பி செல்தான் அடுத்த சுற்றுக்குப் போகும்.

இங்கிருந்து இரண்டு வகைச் செல்கள் வெளியேறுகின்றன. முதல் வகை நினைவு பி செல்கள். இவை எதிர்ப்பொருளைச் சுரக்காமல் காத்திருக்கும். கிருமி மறுபடி வந்தால் சில நாள்களுக்குள் பெருகிச் சுரக்கத் தொடங்கும். இரண்டாவது வகை பிளாஸ்மா செல்கள். இவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் மடிந்துவிடுகின்றன. ஒரு சிறு பங்கு எலும்பு மஜ்ஜைக்குப் போய் இடம்பிடித்து, ஆண்டுக்கணக்கில் ஓயாமல் எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. நம் இரத்தத்திலுள்ள முக்கியமான எதிர்ப்பொருள் வகை, மூன்று வாரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் இயல்புடையது. அப்படியிருக்க ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் ஒருவர் இரத்தத்தில் அது இருக்கிறதென்றால், யாரோ அதை அன்றாடம் உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்த வேலையைச் செய்பவை மஜ்ஜையில் குடியேறிய செல்களே. இவற்றோடு நினைவு டி செல்களும் உண்டு. அவற்றில் சில இரத்தத்தில் சுற்றுகின்றன. சில நுரையீரலிலும் தோலிலும் குடலிலும் அங்கேயே தங்கிவிடுகின்றன.

இந்த நினைவின் ஆயுளை எண்ணாகக் காட்டிய ஆய்வு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலிருந்து 2007இல் வந்தது. மார்க் ஸ்லிஃப்காவின் குழு 45 பேரின் இரத்த மாதிரிகளை ஆராய்ந்தது. சிலருக்கு 26 ஆண்டுகள்வரை சேமித்த மாதிரிகள் இருந்தன. எதிர்ப்பொருள் பாதியாகக் குறைய எத்தனை ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டார்கள். ரண ஜன்னிக்கு 11 ஆண்டு. தொண்டை அடைப்பானுக்கு 19 ஆண்டு. சின்னம்மைக்கு 50 ஆண்டு. தட்டம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் 200 ஆண்டுக்கு மேல். மனித ஆயுளுக்குள் அது குறையவே குறையாது என்றுதான் இதற்கு அர்த்தம். முதல் இரண்டும் நஞ்சு நீக்கிய புரதத்தால் ஆன ஊசிகள் தரும் நினைவு. மற்றவை உடலில் பெருகும் வைரஸ் தரும் நினைவு. தடுப்பூசி அட்டையின் இரண்டு வரிகள் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு முதல் விடை இங்கே இருக்கிறது.

எந்த நோய்க்கு எந்த நினைவு?

நினைவு இருந்தால் மட்டும் போதாது. நோயின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்க வேண்டும்.

ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் நுழைந்து நோயாக வெளிப்படப் பெரும்பாலும் ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் ஆகும். அதற்குள் நினைவு பி செல்கள் விழித்துப் பெருகப் போதிய அவகாசம் உண்டு. அதனால்தான் குழந்தையில் போட்ட ஊசியின் எதிர்ப்பொருள் இருபது, முப்பது ஆண்டில் அளவிட முடியாத அளவுக்குக் குறைந்தாலும், முதல் தவணைகள் சரியாகப் பிடித்திருந்தால் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு நிற்கிறது.

குழந்தைகளின் மூளையுறையில் சீழ் பிடிக்கவைக்கும் ஹிப் பாக்டீரியா அப்படிப்பட்டதல்ல. தொண்டையிலிருந்து இரத்தத்துக்குள் இறங்கினால் சில நாளிலேயே ஆபத்தாகிவிடும். நினைவு செல்கள் விழித்தெழும்வரை அது காத்திருக்காது. அங்கே எதிர்ப்பொருள் முன்கூட்டியே இரத்தத்தில் இருந்தாக வேண்டும். கோவிட் வைரஸின் ஒமைக்ரான் வகைகள் மூன்று நாள் அளவிலேயே அறிகுறியைக் கொண்டுவந்தன. அதனால்தான் ஊசி போட்டவர்களுக்கும் காய்ச்சல் வந்தது. ஆனால் நினைவு செல்கள் அடுத்த சில நாளில் எழுந்து வேலை செய்ததால், பெரும்பாலோர் உயிருக்கு ஆபத்தில்லாமல் மீண்டார்கள். இதை ஊசியின் தோல்வி என்று பேசுவது தவறு. எந்த வகை நினைவு, எந்த நேரத்தில் வந்து சேர்ந்தது என்று கேட்பதே சரியான கேள்வி.

சர்க்கரையோடு புரதத்தைக் கோத்தவர்கள்

வடிவமைப்பு நினைவை எப்படி மாற்றுகிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று, சற்றுமுன் சொன்ன ஹிப் தடுப்பூசிதான்.

இந்தப் பாக்டீரியாவைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலியால் ஆன ஓர் உறை உண்டு. அந்தச் சர்க்கரையைத் தனியே பிரித்து ஊசியாகச் செய்தார்கள். 1985இல் அமெரிக்காவில் அதற்கு உரிமம் கிடைத்தது. பெரிய பிள்ளைகளுக்கு ஓரளவு பலன் தந்தது. ஆனால் நோய் அதிகம் தாக்குவது இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை. அவர்களுக்கு அது பயன்படவில்லை. காரணம் இதுதான்: உதவி டி செல்களால் புரதத் துண்டுகளைத்தான் அடையாளம் காண முடியும். வெறும் சர்க்கரை அவற்றின் கண்ணில் படாது. டி செல் உதவி இல்லாவிட்டால் முளைமையம் முறையாக உருவாகாது, நினைவும் பதியாது.

தீர்வு அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதிப் பிணைப்பால் கோப்பது. சர்க்கரையைப் பிடிக்கும் பி செல், அதோடு ஒட்டிய புரதத்தையும் சேர்த்து விழுங்குகிறது. அந்தப் புரதத்தின் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் வைத்து டி செல்லுக்குக் காட்டுகிறது. டி செல் புரதத்தைக் கண்டு உதவுகிறது. பி செல் அந்த உதவியைப் பெற்றுச் சர்க்கரைக்கு எதிர்ப்பொருள் செய்கிறது. ஆஸ்வால்ட் ஏவரியும் வால்தர் கோபலும் இந்த உத்தியின் அடிப்படையை 1929இலேயே சோதனையில் காட்டியிருந்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின் ஜான் ராபின்ஸ், ரேச்சல் ஷ்னீர்சன் இருவரும் ஒருபுறமும், டேவிட் ஸ்மித், போர்ட்டர் ஆண்டர்சன் இருவரும் மறுபுறமும் அதைக் குழந்தைகளுக்கான ஊசியாக்கினார்கள். 1990இல் அமெரிக்கக் கைக்குழந்தைகளுக்கு அது வந்தது. ஆண்டுக்குச் சுமார் 20,000 குழந்தைகளைத் தாக்கிய நோய், அந்த நாட்டில் 99 விழுக்காடு குறைந்தது.

இந்த ஊசி அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை, பென்டாவேலன்ட் என்று செவிலியர்கள் சொல்வதை, இந்தியாவில் அரசுத் திட்டத்தில் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான், 2011 டிசம்பரில். இதே கோப்பு உத்தியில் உருவான மெனிங்கோகாக்கஸ் ஏ தடுப்பூசியைப் புனேயின் சீரம் நிறுவனம் அரை டாலருக்கும் குறைந்த விலையில் செய்து கொடுத்தது. 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் தொடங்கிய அந்த இயக்கம், ஆப்பிரிக்காவின் மூளையுறை அழற்சிப் பட்டையில் அந்த வகைக் கொள்ளைநோயையே இல்லாமல் செய்தது. அதற்கு முன் அங்கே இருந்தது வெறும் சர்க்கரை ஊசி. ஒவ்வொரு முறை நோய் வெடித்த பிறகும் ஓடி ஓடிப் போட வேண்டியிருந்தது. ஒரு வேதிப் பிணைப்பு அந்த நிலையை மாற்றியது.

அடுக்கின் ஒழுங்கு

இரண்டாவது சான்று நம் மண்ணுக்கு இன்னும் நெருக்கமானது. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கான தடுப்பூசி.

1991இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜியான் ஜோவும் இயன் ஃப்ரேசரும் இந்த வைரஸின் மேலுறைப் புரதத்தைச் செல்களில் உற்பத்தி செய்தார்கள். அந்தப் புரதம் தானாகவே ஒன்றுகூடி, வைரஸைப் போலவே தோன்றும் உருண்டைகளாகத் திரண்டது. உள்ளே மரபணு எதுவும் இல்லை. அதனால் நோய் உண்டாக்காது. சுமார் 55 நானோமீட்டர் அகலமுள்ள ஒவ்வோர் உருண்டையிலும் 360 புரதங்கள், ஐந்தைந்தாக 72 கொத்துகளில், ஒரே ஒழுங்கில் அமைந்திருக்கும்.

அந்த ஒழுங்குதான் இங்கே முக்கியம். நம் உடலின் சொந்தப் புரதங்கள் இப்படிச் சில நானோமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக, ஒரே சீராக அடுக்கப்பட்டிருப்பது அரிது. அப்படிப்பட்ட அமைப்பு வைரஸ்களின் மேற்பரப்பில்தான் உண்டு. பி செல் இந்த அடுக்கைத் தொடும்போது அதன் ஏற்பிகள் பல ஒரே நேரத்தில் பிணைக்கப்படுகின்றன. வலுவான சமிக்ஞை உள்ளே போகிறது. நீண்ட ஆயுள் கொண்ட பிளாஸ்மா செல்கள் மஜ்ஜையில் குடியேற இது வழிசெய்கிறது என்பதே இத்துறையின் முன்னோடிகளான ஜான் ஷில்லரும் டக்ளஸ் லோவியும் முன்வைக்கும் விளக்கம்.

இந்த ஊசியின் நினைவு எவ்வளவு உறுதியானது என்பதை உலகுக்குச் சொன்னவர்களில் இந்தியப் பெண்கள் முக்கியமானவர்கள். 2009இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தியாவில் 9 மையங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 10 முதல் 18 வயதுப் பெண்களுக்கு இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்ப்பது நோக்கம். மையங்களில் ஒன்று திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள அம்பிளிக்கை. வேறொரு எச்பிவி திட்டத்தைச் சுற்றி எழுந்த சர்ச்சையால், 2010 ஏப்ரலில் அரசு எல்லா எச்பிவி ஆய்வுகளிலும் ஊசி போடுவதை நிறுத்தச் சொன்னது. அதற்குள் ஏறத்தாழ 5000 பெண்களுக்கு ஒரே ஒரு தவணைதான் கிடைத்திருந்தது.

அங்கே ஆய்வைக் கைவிட்டிருக்கலாம். ஆய்வாளர்கள் விடவில்லை. களப்பணியாளர்கள் அந்தப் பெண்களை ஆண்டுதோறும் தேடிப் போனார்கள். பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போனவர்களையும், திருமணமாகி வேறு ஊர் போனவர்களையும் தொடர்ந்தார்கள். 2021இல் வெளியான பத்தாண்டு முடிவு இது: புற்றுநோய்க்குப் பெரிதும் காரணமான 16, 18 வகை வைரஸ்களின் நீடித்த தொற்றிலிருந்து கிடைத்த பாதுகாப்பு, ஒரு தவணையில் 95.4 விழுக்காடு, மூன்று தவணையில் 93.3 விழுக்காடு. இரண்டுக்கும் நடுவே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஒரு தவணை பெற்றவர்களின் எதிர்ப்பொருள் அளவு மூன்று தவணை பெற்றவர்களைவிடக் குறைவுதான். ஆனால் அந்தக் குறைந்த அளவு மேலும் சரியாமல் நின்றுவிட்டது. முதல் மாத அளவை மட்டும் பார்த்திருந்தால் ஒரு தவணை போதாது என்றே முடிவு செய்திருப்போம்.

கோஸ்டாரிகா, கென்யா ஆய்வுகளும் இதையே சொல்ல, ஒரு தவணையும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. அதே மருந்தைக் கொண்டு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெண்களைக் காக்க ஏழை நாடுகளுக்கு வழி திறந்தது. அம்பிளிக்கையைச் சுற்றிய கிராமத்துப் பெண்களுக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

காய்ச்சல் தரும் ஊசியும் தராத ஊசியும்

மூன்றாவது சான்று, இளம் பெற்றோர்கள் தனியார் மருத்துவமனைகளில் நேரடியாகச் சந்திக்கும் ஒன்று. "வலியில்லாத ஊசி போடட்டுமா, சாதா ஊசி போடட்டுமா?" என்று அவர்களிடம் கேட்கப்படுகிறது. இந்த வேறுபாடு கக்குவான் இருமல் பகுதியில் இருக்கிறது.

பழைய ஊசியில், அதாவது சாதா ஊசியில், கொல்லப்பட்ட முழு பாக்டீரியா இருக்கிறது. தொடை வீங்கும், காய்ச்சல் வரும், குழந்தை இரவெல்லாம் அழும். பெற்றோரின் கவலை நியாயமானது. ஜப்பானில் 1975இல் இந்த ஊசியையே தற்காலிகமாக நிறுத்தினார்கள். நோய் திரும்பி வந்து, 1979இல் 13,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கி 41 உயிர்களைக் கொண்டுபோனது. அங்கே யூஜி சாட்டோவின் குழு பாக்டீரியாவிலிருந்து சில புரதங்களை மட்டும் தூய்மையாகப் பிரித்துப் புதிய ஊசியைச் செய்தது. அதில் பக்கவிளைவு மிகவும் குறைவு. பணக்கார நாடுகள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. அமெரிக்கா 1990களில் மாறியது.

முதல் மாத எதிர்ப்பொருள் அளவில் புதிய ஊசி நன்றாகவே இருந்தது. காலம்தான் உண்மையைச் சொன்னது. 2010இல் கலிஃபோர்னியாவில் கக்குவான் இருமல் பெரிதாக வெடித்து 9000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 10 கைக்குழந்தைகள் இறந்தார்கள். ஐந்தாம் தவணைக்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் நோய் வரும் வாய்ப்பு சராசரியாக 42 விழுக்காடு கூடுகிறது என்று அங்கே 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. பபூன் குரங்குகளில் நடந்த சோதனை 2014இல் இன்னொன்றையும் காட்டியது. புதிய ஊசி போட்ட குரங்குகள் நோயில் விழவில்லை. ஆனால் அவற்றின் தொண்டையில் கிருமி வாரக்கணக்கில் தங்கியது, பக்கத்துக் குரங்குக்கும் பரவியது. பழைய ஊசி போட்டவை கிருமியை விரைவாக வெளியேற்றின.

காரணம் டி செல்களின் பயிற்சியில் இருக்கிறது. முழு பாக்டீரியாவின் உறையில் நச்சுத்தன்மையுள்ள கொழுப்புப் பொருள்கள் உண்டு. காய்ச்சலைக் கொண்டுவருவதும், ஆபத்து வந்திருக்கிறது என்று உடலின் முதல்நிலை எதிர்ப்புக்கு அறிவிப்பதும் அவையே. அந்த அறிவிப்போடு பயிற்சி பெற்ற டி செல்கள் சுவாசப் பாதைக்குப் போய்க் கிருமியைத் துரத்தும் வகையாக மாறுகின்றன. தூய்மையான புரதத்தோடு பயிற்சி பெற்றவை வேறு வகையாகின்றன. சிறு வயதில் முதலில் எதைப் போட்டோம் என்பது பின்னால் போடும் ஊசிகளின் பலனையும் பாதிக்கிறது. இந்திய அரசுத் திட்டம் இன்றும் முழு பாக்டீரியா ஊசியையே தருகிறது. இலவசமாகக் கிடைப்பதால் அதை இரண்டாந்தரம் என்று நினைக்கும் பெற்றோர்களுக்கு நான் இந்த மேடையிலிருந்து சொல்கிறேன்: கக்குவான் இருமலைப் பொறுத்தவரை நீண்ட நினைவைத் தருவது அதுதான்.

அப்படியானால் நினைவுக்கு விலை காய்ச்சல்தானா? முழுவதும் அப்படி இல்லை. ஆபத்து அறிவிப்பைத் தேர்ந்தெடுத்து, அளந்து சேர்க்க முடியும். துணையூக்கிகள் அதற்காகவே உள்ளன. 1926இல் அலெக்சாண்டர் க்ளென்னி அலுமினிய உப்பின் இந்தப் பயனைக் கண்டறிந்த பிறகு பல பத்தாண்டுகள் அது ஒன்றே துணையாக இருந்தது. இன்று சிலி நாட்டின் சோப்பு மரப்பட்டையிலிருந்து எடுக்கும் சப்போனினையும், பாக்டீரியக் கொழுப்பின் நச்சு குறைத்த வடிவத்தையும் சேர்த்துச் செய்த ஏஎஸ்01 என்ற துணையூக்கி இருக்கிறது. அக்கி நோய்க்கு முன்பு இருந்த உயிருள்ள வைரஸ் ஊசி 70 வயதுக்கு மேற்பட்டவர்களில் 38 விழுக்காடுதான் காத்தது. ஒரே ஒரு வைரஸ் புரதத்தோடு இந்தத் துணையூக்கியைச் சேர்த்த ஷிங்ரிக்ஸ் ஊசி அதே வயதினரில் சுமார் 90 விழுக்காடு காத்தது. பத்தாண்டு கடந்தும் அந்தப் பாதுகாப்பு வலுவாகவே நிற்கிறது. முதுமையில் நினைவு பதியாது என்று நம்பியிருந்ததை ஒரு நல்ல வடிவமைப்பு மாற்றிக்காட்டியது.

செங்கல்பட்டு சொன்ன பாடம்

ஊசி எங்கே, எந்த வழியில் இறங்குகிறது என்பதும் வடிவமைப்பில் அடங்கும். இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு வரலாற்று இடம் உண்டு. காசநோய்க்கான பிசிஜி ஊசியைப் பெரிய அளவில் சோதிக்க 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அதில் பங்கேற்றார்கள். 15 ஆண்டு தொடர்ந்து பார்த்த முடிவுகள் 1999இல் முழுமையாக வெளியாயின. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. கேட்க விரும்பாத முடிவுதான். ஆனால் அதை மறைக்காமல் உலகுக்குச் சொன்னார்கள். கைக்குழந்தைகளின் மூளைக் காசநோயைத் தடுப்பதால் பிசிஜியைப் பிறந்தவுடன் இன்றும் போடுகிறோம், போடவும் வேண்டும்.

அதே பிசிஜியை 2020இல் ராபர்ட் செடரின் குழு குரங்குகளுக்குத் தோலில் போடாமல் சிரை வழியே இரத்தத்தில் செலுத்தியது. பிறகு காசநோய்க் கிருமியைக் கொடுத்தபோது 10 குரங்குகளில் 9 காக்கப்பட்டன. மருந்து பழையதுதான், வழி மாறியதால் நுரையீரலிலேயே தங்கும் டி செல்கள் ஏராளமாக உருவாயின. குழந்தைகளுக்கு இந்த வழி உகந்ததல்ல. ஆனால் நினைவு எங்கே தங்க வேண்டும் என்ற இலக்கை அது காட்டியது. எம்72 என்ற புதிய காசநோய் ஊசி, சற்றுமுன் சொன்ன ஏஎஸ்01 துணையூக்கியோடு, ஏற்கெனவே கிருமி தொற்றியிருந்த பெரியவர்களில் மூன்றாண்டுக்குச் சுமார் 50 விழுக்காடு பாதுகாப்புத் தந்தது. அதன் மூன்றாம் கட்ட ஆய்வு 2024இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது.

எம்ஆர்என்ஏ: வேகமும் மீதமிருக்கும் வேலையும்

கோவிட் காலத்தின் எம்ஆர்என்ஏ ஊசிகள் லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தன. அவற்றுக்கு அடிப்படை அமைத்த கேட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2023இல் நோபல் பரிசு பெற்றது தகுதியானது. அந்த ஊசிகள் உண்டாக்கிய முளைமையங்கள் சிலரிடம் ஆறு மாதம்வரை நீடித்தன. முதல் மாத எதிர்ப்பொருள் வியக்கத்தக்க உயரத்துக்குப் போனது. ஆனால் எமரி பல்கலைக்கழகக் குழு தன்னார்வலர்களின் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட ஆயுள் பிளாஸ்மா செல்களின் கூட்டத்தில் ரண ஜன்னிக்கும் இன்ஃப்ளுயன்சாவுக்கும் உரியவை இருந்தன. கோவிட் வைரஸுக்கு உரியவை மிக அரிதாகவே இருந்தன. அந்த வைரஸின் முள் புரதங்கள் தள்ளித் தள்ளி அமைந்திருப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். எச்பிவி உருண்டையின் நெருக்கமான அடுக்கை இங்கே நினைத்துப் பாருங்கள்.

தவணைகளுக்கு நடுவே விடும் இடைவெளியும் வடிவமைப்பே. கோவிஷீல்டுக்கு 84 நாள் காத்திருக்கச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே ஊசியின் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் ஆறு வாரத்துக்குக் குறைந்த இடைவெளியில் 55 விழுக்காடாக இருந்த பாதுகாப்பு, 12 வாரமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டபோது 81 விழுக்காடாக உயர்ந்தது. முளைமையம் தன் தேர்வை நடத்தி முடிக்க நேரம் வேண்டும். கொள்ளைநோய் தலைக்கு மேல் நிற்கும்போது அந்த நேரத்தைக் கொடுக்கலாமா என்பது கடினமான முடிவு. இரண்டு பக்கமும் உயிர்கள் இருந்தன.

நாம் செய்ய வேண்டியது

ஒரு புதிய ஊசிக்கு உரிமம் கேட்கும்போது, பெரும்பாலும் கடைசித் தவணைக்கு ஒரு மாதம் கழித்து எடுத்த எதிர்ப்பொருள் அளவையே முதலில் காட்டுகிறார்கள். அவசர காலத்தில் அது தேவை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், கக்குவான் இருமலில் நடந்தது மறுபடி நடக்கும். எச்பிவியில் கிடைத்த நல்ல செய்தி நமக்குத் தெரியாமலே போகும். உரிமத்தோடு சேர்த்து, பத்து, இருபது ஆண்டுத் தொடர்கண்காணிப்பையும் அதற்கான நிதியையும் நிபந்தனையாக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் இயல்பான வலிமை உண்டு. கர்ப்பம் உறுதியானதுமே ஒவ்வொரு தாயும் பிக்மி என்னும் அரசின் கர்ப்பிணி, குழந்தைப் பதிவேட்டில் பதிவாகிறார். பிரசவமும் குழந்தையின் தடுப்பூசியும் அந்தத் தொடரில் சேர்கின்றன. அவரவர் ஒப்புதலோடு, தனியுரிமையைக் காத்து, அந்தப் பதிவுகளில் ஒரு சிறு பகுதியையாவது இரத்த மாதிரிச் சேமிப்போடு இணைத்து, குழந்தைகள் பெரியவர்களாகும்வரை தொடர்ந்தால், நம் மக்களின் நினைவைப் பற்றி நாமே பேச முடியும். பிசிஜிக்கு ஒருமுறை செய்து காட்டியவர்கள் நாம். ஒரிகனில் சேமித்த மாதிரிகள் அங்குள்ளவர்களைப் பற்றிச் சொல்லும். நம் தண்ணீர், நம் மண்ணின் நுண்ணுயிர்கள், நம் ஊட்டம் இவற்றோடு வளரும் குழந்தையைப் பற்றிச் சொல்ல நம்மிடமே மாதிரிகள் வேண்டும்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு ஆண்டில் கட்டுரையாக முடிவதை மட்டும் தேடாதீர்கள். உங்கள் பேராசிரியர் தொடங்கிய பட்டியலைத் தொடர்ந்து நடத்துங்கள். உங்களுக்குப் பின் வருபவரிடம் ஒழுங்காக ஒப்படையுங்கள். மஜ்ஜையின் ஒரு மூலையில் ஐம்பது ஆண்டு சுரக்கும் செல்லைப் புரிந்துகொள்ள, அத்தனை ஆண்டு பொறுக்கும் நிறுவனங்கள் வேண்டும். அவற்றைக் கட்டுவது ஆய்வகத்தில் மூலக்கூறு கட்டுவதற்குச் சற்றும் குறைந்த அறிவியல் அல்ல. ஒருவர் காலத்துக்குப் பின்னும் ஒரு பணி தொடர வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அறக்கட்டளைகள் நிறுவப்படுகின்றன. தடுப்பூசி அறிவியலுக்கும் அதே நெடுநோக்கு வேண்டும் என்று இந்த அவையில் கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.